"அம்மா, நாங்க இடையில வந்தவங்களா?" என்று மகள் கேட்டால்

சகோதரி, இலங்கைப் பள்ளியின் தரம் 10 வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, தமிழர் நாம் இந்த நாட்டுக்கு இடையில் வந்தவர்களா என்று மகள் கேட்டாள் என எழுதியிருந்தீர்கள். என் மகனும் இதையே கேட்டான். அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

முதலில் அவளைத் திருகோணமலைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப் போங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். நுழையும்போது வாசல் கல்லைப் பாருங்கள்: தமிழ் எழுத்தும் இரட்டை மீனும் செதுக்கியிருக்கும். என் மகன் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவேயில்லை.

அப்புறம் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் கதை. அதை இரண்டு இனங்களின் சண்டையாகத்தான் பிள்ளைகள் மனதில் பதித்து வைக்கிறார்கள். ஆனால் பௌத்த பிக்குகள் எழுதிய பழைய வரலாற்று நூலான மகாவம்சமே எல்லாளனை 44 ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டவன் என்கிறது. அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தச் சொன்னான் என்றும் சொல்கிறது. இந்தப் பகுதியை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிய 1956 தனிச்சிங்களச் சட்டம், பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவருக்குக் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தல், 2016இல் சுதந்திர தின விழாவில் தமிழில் பாடிய தேசிய கீதம் 2020இல் நின்றது, இவற்றையும் மெல்லச் சொல்லலாம். ஆனால் வெறுப்பை ஊட்டாதீர்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் இதே புத்தகம்தான்.

பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும், வரலாறு ஓ/எல்லில் (தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில்) கட்டாய பாடம்.