ஊசி போட்ட குட்டி ஏன் செத்தது?

கேள்வி: டொக்டர், நாங்கள் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். போன மாரியில் எங்கள் நாய்க்குட்டி மூன்று மாத வயதில் சத்தி எடுத்து, இரத்தமாகக் கழிந்து, இரண்டு நாளில் செத்துவிட்டது. ஊருக்குள் வந்து இலவசமாக ஊசி போட்டவர்களிடம் அதற்கும் ஊசி போட்டிருந்தோம். இப்போது பிள்ளைகளின் ஆசைக்காக ஏழு கிழமைக் குட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறோம். ஊசி போட்டும் சாகுமென்றால் போட்டு என்ன பயன்?

பதில்: அந்தக் குட்டிக்குப் போட்ட ஊசி வேறு, அதற்கு வந்த நோய் வேறு. ஊருக்குள் வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய் நோய்க்கான ஊசி. அது அவசியமான ஊசிதான். ஆனால் விசர்நாய் நோயை மட்டும்தான் தடுக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குட்டிக்கு வந்தது பெரும்பாலும் பார்வோ, அதாவது குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அதற்கான தடுப்பூசியைத் தனியாகப் போட வேண்டும். பல வீடுகளில் 'ஊசி போட்டாச்சு' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், எந்த ஊசி என்று கேட்பதில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, இந்தப் பக்கம் எழுவான்கரை என்றில்லை, எல்லா இடத்திலும் குட்டிகள் இப்படித்தான் போகின்றன.

புதுக் குட்டிக்குத் தேவை கூட்டு ஊசி. ஊசி அட்டையில் டி.எச்.பி.பி. என்று எழுதியிருப்பார்கள். பார்வோ, நெஞ்சையும் மூளையையும் தாக்கும் டிஸ்டெம்பர், ஈரலைத் தாக்கும் வைரஸ், இருமல் வைரஸ் ஒன்று என நான்கும் அதில் அடங்கும். எலிக்காய்ச்சலுக்கான மருந்தையும் சேர்த்தே போடலாம். நம் பகுதியில் அதை விட்டுவிட வேண்டாம் என்பேன். வயலும் வெள்ளமும் எலியும் உள்ள ஊர் இது. எலிக்காய்ச்சல் பிடித்த நாயின் சிறுநீரிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் அது தொற்றும். எலிக்காய்ச்சல் ஊசியை மூன்று நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு முறை போட்டு, பிறகு வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மாரிக்கு முன்பே போட்டு முடிப்பது நல்லது.

சரி, எத்தனை முறை? இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. முதல் கிழமைகளில் குட்டியைக் காப்பது அதுதான். ஆனால் நாம் போடும் ஊசி மருந்தையும் அதே சக்தி வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். சில குட்டிகளில் அது எட்டு கிழமையில் குறைந்துவிடுகிறது, சிலவற்றில் பதினாறு கிழமை வரை கிடக்கிறது. எந்தக் குட்டியில் எப்போது குறையும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். முதல் ஊசியின் பலம் குறைவு என்பதற்காக அல்ல.

உங்கள் குட்டிக்கு இந்தக் கிழமையே முதல் ஊசி. பிறகு 10, 13, 16 கிழமைகளில். 13ஆவது கிழமை போகும்போது விசர்நாய் ஊசியையும் போட்டுவிடலாம். அதற்கு முன்பே ஊருக்குள் வந்து போட்டால் போட விடுங்கள், தடையில்லை. ஆனால் மூன்று மாத வயதுக்குள் போட்டதை மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி போட வேண்டும். அப்புறம் வருடா வருடம். கூட்டு ஊசியை ஆறு மாத வயதில் இன்னொரு தடவை போட்டால் உறுதியாகிவிடும்.

கூட்டு ஊசிக்குக் காசு செலவாகும், அது தெரியும். ஒரே ஒரு ஊசிக்குத்தான் வழி உண்டென்றால் 16 கிழமை ஆனதும் போடுங்கள். ஆறு கிழமையில் ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதுவரை குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை, வளவை விட்டு வெளியே விடக்கூடாது.

மருந்துக்கடையில் ஊசியை வாங்கி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து யாரையாவது பிடித்துப் போடுவிப்பதை நிறுத்துங்கள். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். சூடானால் செத்த மருந்துதான், பார்வைக்கு மாற்றம் தெரியாது. மிருக வைத்தியர் உங்கள் கண் முன்னால் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுப்பார். ஒன்றின் அடியில் வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கும், மற்றதில் நீர். இரண்டையும் கலந்து உடனே போட்டுவிட்டு, குப்பியின் ஒட்டுத்தாளை உரித்து அட்டையில் ஒட்டித் திகதி எழுதுவார். அந்த அட்டையைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு இருபது நிமிடம் அங்கேயே இருங்கள். அன்று சோர்ந்து படுத்தால் பயமில்லை. முகம் வீங்கினாலோ சத்தி எடுத்தாலோ உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று உங்கள் வளவு. பார்வோ கிருமி நிழலான ஈர மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். சவர்க்காரத்துக்கோ டெட்டோலுக்கோ அது சாகாது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவீர்களே, அந்தக் குளோரின்தான் அதைக் கொல்லும். சீமெந்து நிலத்தில் அழுக்கைக் கழுவிவிட்டு, சலவைக்குப் பாவிக்கும் ப்ளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். குட்டி கிட்ட வரக்கூடாது. மண்ணை இப்படிச் சுத்தமாக்க முடியாது. பழைய குட்டி படுத்த மூலைக்குப் புதுக் குட்டியை விட வேண்டாம். பழைய பாத்திரம், சாக்கு, கயிறு எதையும் கொடுக்கவும் வேண்டாம். 16ஆவது கிழமை ஊசி முடிந்து இரண்டு கிழமை ஆகும்வரை தெருவிலும் கடற்கரையிலும் இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை இப்போதே தொடங்குங்கள். மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. குட்டியின் வயிற்றுப் புழு பிள்ளைகளுக்கும் வரும்.

குட்டி சாப்பாட்டை மறுத்துச் சத்தி எடுத்தால் அன்றே கொண்டுபோங்கள், கழிச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பார்வோவில் உயிரைக் காப்பது நேரத்தோடு ஏற்றும் சேலைன்தான்.

விளையாடும்போது குட்டியின் பல் பிள்ளையின் தோலில் கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சின்னக் குட்டி என்று விடக்கூடாது, குட்டிக்கும் விசர் வரும். குட்டியின் வயதையும், விசர்நாய் ஊசி போட்டதா இல்லையா என்பதையும் அங்கே சொல்லுங்கள். பிள்ளைக்கு ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.