அரசாணிக் (மஞ்சள் பூசணிக்) கொடியில் பூ நிறையப் பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்கிறது, எந்த டானிக் அடிக்கலாம்?

இந்நேரம் உரக்கடைக்கு ஒரு நடை போய் இரண்டு பாட்டில் வாங்கியிருப்பீர்கள். நானும் வாங்கியவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு உடுமலைப் பக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஏக்கர் அரசாணி போட்டேன். தோட்டமே மஞ்சளாகப் பூத்தது. ஆனால் பிஞ்சு கோலிகுண்டு அளவோடு நின்று, வெம்பி, தொட்டால் கழன்று வந்தது. கடைக்காரர் போரான் பற்றாக்குறை என்றார், அடித்தேன். ஹார்மோன் என்றார், அதையும் அடித்தேன்.

ஒரு நாள் விடியற்காலையில் மோட்டார் போடப் போனபோது அம்மாவும் கூட வந்தார். பூக்களைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஒரு தேனீயக் கூடக் காணோம்?" என்றார். அன்று ஒன்பது மணி வரை வரப்பிலேயே உட்கார்ந்து எண்ணினேன். ஒரு ஏக்கருக்கும் சேர்த்து நான்கு தேனீ, ஒரு கருவண்டு.

அரசாணிப் பூ விடியும் முன்பே விரிந்து, முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். பெண் பூவுக்கு அந்த ஒரு காலைதான் கணக்கு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து வராது. ஆண் பூவிலிருந்து தேனீதான் சுமந்து வர வேண்டும், வராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும். நானோ வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று வெள்ளை ஈக்கு இமிடாகுளோப்ரிட் அடித்ததெல்லாம் காலை ஏழு மணிக்கு, விரிந்த பூ மேலேயே. அது செடிக்குள் ஊடுருவும் மருந்து. பூந்தேனிலும் மகரந்தத்திலும் கூடப் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே திறந்தவெளிப் பயிர்களுக்கு அதைத் தடை செய்துவிட்டது.

உடனே "இயற்கை விவசாயக் கோஷ்டியா?" என்று கிளம்பிவிடாதீர்கள். இன்றும் மருந்து அடிப்பவன்தான். பூ மூடிய பிறகு, சாயங்காலத்தில், வேறு வழியே இல்லாவிட்டால் அடிக்கிறேன், அவ்வளவுதான்.

தேனீ குறைந்ததற்கு என் மருந்து டேங்க் மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. முன்பு எங்களைச் சுற்றி எள்ளும் கொள்ளும் மாறி மாறிப் பூக்கும். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்த பிறகு அதற்கும் விடாமல் மருந்து. வரப்பில் பூக்கிற தும்பையைக் களைக்கொல்லி தீர்த்தது. கொம்புத்தேனீ அடை வைத்துக்கொண்டிருந்த கிளுவை வேலியை ஜேசிபி விட்டுப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டது யார்? நான்தான்.

அந்தப் பட்டத்தில் அம்மாவும் நானும் தினமும் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவில் தொட்டு வைத்தோம். பத்து நாள். ஏக்கர் முழுக்க முடியுமா? பாதிதான் காய்த்தது. அதிலும் மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தவை கோணலாகத் திரண்டன. மண்டியில் கோணல் காய் என்று தனியாக ஒதுக்கிப் பாதி விலை போட்டார்கள், கமிஷன் மட்டும் முழுசாகப் பிடித்தார்கள். ஓட்டலில் சாம்பாரில் வெட்டிப் போடும்போது எது கோணல், எது நேர் என்று யார் பார்க்கிறார்களோ! ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, சாக்குக்குத் தனி... சரி, அதை விடுங்கள்.

உங்கள் பிஞ்சில் துளையோ பிசினோ இருந்தால் அது பழ ஈ, வேறு கதை. முதலில் வருவது ஆண் பூதான். அது உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் நாளை ஆறு மணிக்குப் போய் எண்ணிப் பாருங்கள். டானிக் பாட்டிலை அதுவரை திறக்க வேண்டாம். கடையில் திரும்ப வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார்கள். என்னிடம் வாங்கவில்லை.