"ஞானத்தகப்பனாக நிற்க மாட்டேன்" என்கிறான் என் மகன்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி தாராவிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு இங்கே மாறினோம். கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மகளைக் கட்டிக் கொடுத்து முலுண்டில் இருக்கிறாள். மகனுக்கு 27 வயது. ஐரோலியில் வேலை, எங்களோடுதான் இருக்கிறான்.

சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை அவன். திடப்படுத்தல் எடுத்து, வாலிபர் கூட்டத்தில் கீபோர்டும் வாசித்தான். போன கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. உனக்காகத்தான் கோயிலுக்கு வந்துட்டிருந்தேன். இனிமே என்னால முடியாது" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நிதானமாகச் சொன்னான்.

அவன் அப்பா, "என் வீட்டில் இருக்கிறவன் ஜெபத்துக்கு உட்கார வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் ராத்திரி ஜெபம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறான். நான் குருவானவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள், மரியாதையாகத்தான் பேசினான். அவர் போனதும் என்னிடம், "என்னைக் கேட்காம ஏன் வரச் சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டான். இப்போதெல்லாம் குடும்ப வாட்ஸப்பில் நாத்திகர்கள் பேசும் வீடியோவைப் போடுகிறான். அவன் பெரியப்பா பதிலுக்கு வசனம் போடுகிறார்.

2021-ல் என் தம்பி கொரோனாவில் இறந்துபோனான். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த ஊழியக்காரர் ஒருவர், "நிச்சயம் எழுந்து வருவார், கர்த்தர் சொல்லிவிட்டார்" என்றார். இறந்த பிறகு, "வீட்டில் விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது" என்றார். என் மகன் அப்போது பக்கத்தில் நின்றான். மாமா என்றால் அவனுக்கு உயிர். அந்த அடியில்தான் இப்படி ஆகிவிட்டான் என்று நினைக்கிறேன். அவனிடமே சொன்னேன்: "மாமா போன வருத்தத்துல இப்படிப் பேசுற. அது ஆறினா திரும்பி வந்திருவ." அதற்கு அவன், "நீ நரகத்துக்குப் பயந்துதானே நம்புற? அதைத் தாண்டி யோசிச்சதே கிடையாது" என்றான். என் கணவர் வேலையில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்த காலத்தில் என்னைத் தாங்கியது எதுவென்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மகள் குழந்தைக்கு ஞானஸ்நானம். தம்பிதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. இவன் முடியாது என்றுவிட்டான். "கோயில்ல நின்னு நம்பாததை நம்புறேன்னு சொல்ல மாட்டேன்" என்கிறான். அவள் அழுகிறாள். போதாததற்கு, அரசு கெசட்டில் அறிவித்து மதத்தையே எடுத்துவிடலாம் என்று தீர்ப்பு இருக்கிறதாம், அதையும் செய்யப் போகிறானாம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பரலோகத்தில் என் பிள்ளையைப் பார்க்க மாட்டேனோ என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவனோடு நான் எப்படிப் பேசுவது? பேசாமல் ஜெபித்துக்கொண்டு மட்டும் இருந்துவிடலாமா?

— செம்பூர் வாசகி

*

அன்புள்ள அம்மா,

கடவுள் உண்டா இல்லையா என்பதில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் மகனைத் திரும்பவும் சபைக்குக் கொண்டுவரும் வழியும் என்னிடம் இல்லை. எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "மாமா போன வருத்தத்தில் பேசுகிறாய்" என்று நீங்கள் சொன்னது ஒன்று. "நரகத்துக்குப் பயந்து நம்புகிறாய்" என்று அவர் சொன்னது இன்னொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் வேலை ஒன்றுதான். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவருக்கு இந்த எண்ணம் எந்த நோயால் வந்தது என்று நாடி பார்க்கிறீர்கள். நோய் என்று முடிவு கட்டிவிட்டால் பிறகு மருந்து கொடுக்கத்தான் தோன்றும். நீங்கள் குருவானவரை அழைத்தீர்கள், உங்கள் மகன் வீடியோ அனுப்புகிறார்.

விசுவாசிகளும் நாத்திகர்களும் பேசும்போது மரியாதை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். திட்டினால்கூட மறந்துவிடலாம். "நீ யோசித்து இதற்கு வரவில்லை, உனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று ஒருவரிடம் சொன்னால் அவர் மறக்க மாட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மாமாவின் சாவு அவரை உலுக்கியிருக்கும். உங்கள் விசுவாசத்துக்குள் கொஞ்சம் பயமும் இருக்கலாம். ஆனால் அவருடைய அவிசுவாசம் அந்தச் சாவு மட்டும் அல்ல, உங்கள் விசுவாசம் அந்தப் பயம் மட்டும் அல்ல. "ரொம்ப நாளாவே இல்ல" என்று அவரே சொல்லியிருக்கிறார், கவனித்தீர்களா? அந்த ரொம்ப நாளில் என்ன யோசித்தார், என்ன படித்தார், எந்தக் கேள்வியில் தடுக்கினார் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முதலில் அதைக் கேளுங்கள். அவரை மாற்றுவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் காது கொடுத்துக் கேட்பதை ஒரு சிகிச்சையாகவே வளர்த்தவர். 1902-ல் மிகக் கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். 1922-ல் மாணவர்களுக்கான கிறிஸ்தவ மாநாடு ஒன்றுக்காகச் சீனா போனார். அந்தப் பயணத்தில் அவருடைய எண்ணங்கள் பெற்றோரின் நம்பிக்கையிலிருந்து விலக ஆரம்பித்தன. பிறகு நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, அதைப் பாதியில் விட்டு உளவியலுக்கு வந்தார். உங்கள் வீட்டில் நடப்பதைப் போன்ற ஒன்றை உள்ளிருந்து அறிந்த மனிதர். இரண்டு பேர் வாதத்தில் சிக்கிக்கொண்டால் செய்யச் சொல்லி அவர் ஒரு விதி வைத்தார்: எதிராளி சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் நம் பதிலைச் சொல்லலாம்.

கேட்க எளிது, செய்து பாருங்கள், வேர்த்துவிடும். "நம்பாததை நம்புறேன்னு சொல்ல மாட்டேன்" என்றாரே, அதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "அக்கா மேல உனக்குக் கோபம் இல்ல. ஞானஸ்நானத்தையும் கேவலமா நினைக்கல. பொய்யா வாக்குக் கொடுக்க மனசு வரல. அப்படித்தானே?" இப்படிக் கேட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசியுங்கள்.

இந்த ஞானத்தகப்பன் விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். ஞானப்பெற்றோர் சபை முன்னால் நின்று விசுவாச அறிக்கை சொல்கிறார்கள், குழந்தையை அந்த விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். நம்பிக்கை இல்லாமலே போய் நின்று உதட்டசைத்துவிட்டு வருவது சுலபம். அந்த வாக்குக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைப்பதால்தான் அவர் மறுக்கிறார். பொய் சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் அம்மா? உங்கள் மகளிடமும் இப்படியே சொல்லுங்கள். ஞானத்தகப்பனாக விசுவாசமுள்ள வேறொரு உறவினர் நிற்கட்டும். இவர் தாய்மாமன். அந்த உறவுக்கு எந்த அறிக்கையும் தேவையில்லை. குழந்தைக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதும், தூக்கிக்கொண்டு வருவதும், பந்தியில் நின்று பரிமாறுவதும் அவர் வேலை. தன் மாமா தனக்கு எப்படி இருந்தார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாமா பேச்சு வந்ததால் இதையும் கேட்கிறேன். அந்த ஊழியக்காரர் "விசுவாசக் குறைவு" என்று சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது? தம்பியைப் பறிகொடுத்த அக்கா நீங்கள். அந்த வார்த்தை உங்கள் மேலும்தான் விழுந்தது. உங்களுக்கும் வலித்தது என்று மகனிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? விசுவாசி என்பதால் அந்த ஊழியக்காரரை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்றே அவர் இத்தனை வருடமும் நினைத்திருக்கலாம். துக்க வீட்டில் அப்படிப் பேசுவது கொடுமை என்று சொல்வதற்கு நாத்திகராக இருக்கத் தேவையில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோபப்பட வேண்டிய விஷயம் அது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைப் பேசி அழுது முடித்ததும், "சரி, இப்போ கோயிலுக்கு வருவியா?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால், அழுததே அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

அதேபோல, உங்கள் கணவர் அடிபட்டுப் படுத்திருந்த காலத்தைப் பற்றி அவருக்கு விரிவாகச் சொல்லுங்கள். சபையில் சாட்சி சொல்வீர்களே, அப்படித்தான். கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டாம், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் போதும். "அப்போ உதவினது பக்கத்து வீட்டுக்காரங்கம்மா" என்று அவர் பதில் சொல்லலாம். சொல்லட்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பயம் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று அவர் எண்ணிய இடத்தில் என்ன இருந்தது என்று அவர் கண்ணால் பார்ப்பார்.

கெசட் விஷயத்துக்கு அவ்வளவு பதற வேண்டாம். அவர் சொல்வது 2014-ல் மும்பை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மதத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அரசு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, எந்த மதமும் இல்லை என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரம்தான் அடிப்படை. வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? இயேசு கிறிஸ்துவை நம்புகிறவர்கள். ஆனால் எந்த மதத்திலும் சேராதவர்கள் என்று தங்களைப் பதிவு செய்யக் கேட்டார்கள். ஆண்டவரை நம்பியவர்கள் வாங்கிய தீர்ப்பை நம்பாதவரும் பயன்படுத்தலாம். உங்கள் மகனுக்கே இந்த விவரம் தெரியாமல் இருக்கலாம், சொல்லிப் பாருங்கள். நல்ல பேச்சுக்கு வழி பிறக்கும்.

இப்போது உங்கள் நடுராத்திரிப் பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுமையை உண்மையாக நம்பும் தாய்க்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவரிடம் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். "நீ நரகத்துக்குப் போவாய்" என்றால் அது அவருக்கு மிரட்டல். "உன்னை மறுபடி பார்க்க முடியாதோன்னு எனக்குப் பயமா இருக்கு, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், தெரிஞ்சுக்கோ" என்றால் அது உங்கள் மனசு. குருவானவரிடம் போய்ப் பேசுங்கள், ஆனால் உங்களுக்காகப் பேசுங்கள். மகனிடம் அவரை இன்னொரு முறை அனுப்பாதீர்கள், மகனே கேட்டால் ஒழிய.

நீங்கள் வேதம் நன்றாக வாசித்தவர் என்பதால் யோவான் 20-ஆம் அதிகாரத்தை நினைவுபடுத்துகிறேன். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை, அவர் காயத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டேன் என்று சீஷன் தோமா சொன்ன பிறகு எட்டு நாள் போகிறது. எட்டு நாள் கழித்து சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள், தோமாவும் அவர்களோடே இருக்கிறான். நம்பாதவனை அவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவனும் போகவில்லை. அந்த எட்டு நாளும் சேர்ந்துதானே சாப்பிட்டிருப்பார்கள்? கடைசியில் தோமா நம்பிவிடுகிறான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், முடியாமலும் போகலாம். அந்த எட்டு நாள் எப்படி நடந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இதனால்தான் உங்கள் கணவர் போட்ட கட்டளை எனக்குக் கவலை தருகிறது. ஜெபத்தில் உட்கார வேண்டும் என்று சொன்னதால் கிடைத்த பலன், பிள்ளை ராத்திரி வெளியே சுற்றிவிட்டு வருவது. குடும்ப ஜெபம் உங்கள் இருவருடையது. அது தொடரட்டும், அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கவும் செய்யுங்கள், ஆனால் அவர் காதில் விழுவதற்காக ஜெபிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் தன் அறையில் இருக்கலாம், ஜெபம் முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் கணவர் இதற்கு ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அவருக்கும் பயம்தான், அதட்டலாக வெளியே வருகிறது.

உங்கள் மகன் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: தம்பி, குடும்பக் குழுவில் வீடியோ போடுவதை நிறுத்துங்கள். அங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், பெரியப்பா இன்னொரு வசனம் போடுவார், அவ்வளவுதான். உங்களுக்காக ஜெபிக்காதே என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவர் அன்பு போகும் வழி அது. அவர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று தெரியும்தானே.

ஜெபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. ஜெபியுங்கள், பேசவும் செய்யுங்கள். அப்புறம் அந்தத் தூக்கம். இன்னும் சில வாரம் இப்படியே போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். டெலி மானஸ் 14416 அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் முதலில் மகளிடம் பேசி, தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் அவள் வாயாலேயே தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்.