வாசகர் கேள்வி – பட்டறைக்காரர் பதில்: ஈயம் உருக்குமுன்

வீச்சுவலைக்கு நானே ஈயக்குண்டு வார்க்கப் பார்க்கிறேன். காயலான் கடையில் பழைய லாரி பேட்டரித் தகடு மலிவாகக் கிடைக்கிறது. மொட்டைமாடியில் கேஸ் அடுப்பு வைத்து உருக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பேட்டரித் தகடு வேண்டாம் தம்பி. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தத் தகட்டில் ஒட்டியிருப்பது அமிலத்தில் ஊறிய ஈய மாவு. உடைக்கும்போதே தூளாகப் பறக்கும். தகடு வலுவாக இருக்க ஆண்டிமனியும் கொஞ்சம் ஆர்சனிக்கும் சேர்த்திருப்பார்கள். உருக்கி எடுத்த கசடு பிறகு ஈரம் பட்டால் அதிலிருந்து கொடிய விஷவாயு கிளம்பக்கூடும். பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன.

கிழிந்த வலைகளின் பழைய குண்டு, ஈயக்குழாய், ஈயத்தகடு இவற்றைக் கேட்டு வாங்குங்கள். டயர் கடையில் சக்கரத்துக்கு வைக்கும் பேலன்சிங் எடையும் ஆகும், ஆனால் அதில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வரும். கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் பல் பதியும், மற்றது வழுக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல். சட்டியை 400-க்குள் வைத்திருந்தால் தப்பி விழுந்த துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூடு ஏற ஏறப் புகையும் கூடும் என்பதால் அதற்கும் இதே அளவு நல்லது. தெர்மாமீட்டர் இல்லாமல் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்குத்தான். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். வலைக்குண்டின் துளையில் கடல்நீரும் நூல்முடிச்சும் ஒளிந்திருக்கும். அதனால் முழுச் சரக்கையும் குளிர்ந்த சட்டியில் போட்டுத்தான் சூடேற்ற வேண்டும். உருகிய பிறகு புதுத் துண்டு போடக் கூடாது. அச்சையும் கரண்டியையும் முன்கூட்டியே காயவைத்துச் சூடாக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான் இந்த வேலையே செய்வதில்லை. திறந்த மாடியில் ஒரு தூறல் போதும். சட்டி வார்ப்பிரும்பாக இருக்கட்டும், அலுமினியம் கூடவே கூடாது. முகம் முழுவதையும் மூடும் கவசம், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய செருப்பு எல்லாம் வேண்டும். அந்தச் சட்டி திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது.

என் கணவர் தோட்டத்தில் ஈயம் உருக்கித் தூண்டில் எடை செய்கிறார். திறந்தவெளிதானே, ஒன்றும் ஆகாது என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பயப்படத்தான் வேண்டும் அம்மா. திறந்தவெளி புகையைக் குறைக்கும். ஆனால் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் தூள். உருகிய ஈயத்தின் மேலே ஏடாகப் படியும் கசடை வழித்துக் கொட்டும்போது எழும் சாம்பல்நிறப் பொடி சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அதுவே போதும். விழுங்கும் ஈயத்தைக் குழந்தை உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியைத்தான் அது கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

குழந்தை அந்த வீட்டில் இருக்கும்வரை வார்ப்பு வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கேயும் வேலை நடுவே பீடி, டீ வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். இதுவரை வேலை நடந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கசடு மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும், வாழைக்குழியில் கொட்ட வேண்டாம். வாழைப்பழம், வெல்லம் சாப்பிட்டால் ஈயம் இறங்கிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். குழந்தைக்கு மட்டுமல்ல, உங்கள் கணவருக்கும்.