வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்: வீட்டில் செய்யும் பல் சோப்பு

தேங்காய் எண்ணெயில் வீட்டிலேயே சோப்பு காய்ச்சி, அதனால் பல் துலக்கலாமா என்று கேட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் தோப்புத் தேங்காயைக் கொப்பரையாக்கி, செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி வைத்திருக்கிறோம். பற்பசையிலுள்ள கிளிசரின் பல்லின் மேல் படலமாகப் படிந்து, உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பல்லில் சேரவிடாமல் தடுக்கிறது என்றும், இருபது முறை கொப்பளித்தாலும் அது போகாது என்றும் படித்தேன். சோப்பால் துலக்கினால் அந்தத் தொல்லை இல்லையாமே? எங்கள் எண்ணெயிலேயே செய்துகொள்ளலாமா, டாக்டர்?
(பேராவூரணி வாசகி)

சோப்பால் பல் துலக்குவது ஒன்றும் புதிய வழக்கம் அன்று, அம்மா. 1940களின் நடுப்பகுதி வரை மேலைநாடுகளில் விற்ற பற்பசைகள் பலவற்றில் நுரைப்பதற்காகச் சேர்க்கப்பட்டது சோப்புதான். சோடியம் லாரில் சல்பேட் போன்ற நுரைப்பொருள்கள் அதன் இடத்துக்கு வந்தது அதற்குப் பிறகே. ஆகையால் சோப்பை வாயில் வைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் படித்த காரணம் சரியன்று. கிளிசரின் எந்த அளவிலும் தண்ணீரோடு கலந்து கரையும் பொருள் என்பதால், ஓரிரு முறை கொப்பளித்தாலே பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதை உமிழ்நீர் கரைத்துவிடும். பல்லை மூடி, சத்து சேரவிடாமல் தடுக்கும் படலமாக அது தங்குவதற்கு ஆதாரம் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சோப்பைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாக மாறும்போது, அந்த வினையிலேயே கிளிசரினும் பிறக்கிறது. அரைக் கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கினால் ஏறத்தாழ 65 கிராம் கிளிசரின் உண்டாகும். பெரிய தொழிற்சாலைகளில் அதைத் தனியே பிரித்தெடுப்பது வழக்கம். வீட்டில் செய்யும்போது அது முழுவதும் சோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கிளிசரினுக்கு அஞ்சிப் பற்பசையை விடுகிறவர், காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிளிசரின் உள்ள ஒன்றைத்தான் கையில் எடுக்கிறார்.

பல்லில் படியும் அழுக்குப் படலத்தை அகற்றுவது பெரும்பாலும் பிரஷ்ஷின் நார்களே என்பதால், சோப்பு வைத்துப் பொறுமையாகத் துலக்கினாலும் பல் தூய்மையாகும். சோப்பு காரத்தன்மை உடையது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் என்ற அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சோப்பின் பிஎச் மதிப்பு 9 முதல் 10 வரை இருக்கும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவது வாயின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கும்போதுதான் என்பதால், சோப்பின் காரம் எனாமலை அரிப்பதில்லை. சிலருக்கு ஈறும் கன்னத்தின் உட்புறமும் எரியக்கூடும், அவ்வளவே. சோப்பில் இல்லாதது ஃபுளூரைடு. உணவிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கும் ஒவ்வொரு முறையும் எனாமலிலிருந்து சிறிது சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது. அது மீண்டும் உள்ளே சேர்வதற்குத் துணை நிற்பதும், அப்படிச் சேர்ந்த பகுதியை முன்பைவிட உறுதியாக்குவதும் ஃபுளூரைடுதான். சொத்தையைத் தடுப்பதில் பற்பசையின் மிகப் பெரிய பயன் இது. இதை எந்த எண்ணெயும் எந்த மூலிகையும் ஈடுசெய்துவிடாது.

எனவே என் கருத்து இதுதான்: சொத்தையோ ஈறு நோயோ இல்லாத பெரியவர், விருப்பமிருந்தால் காலையில் சோப்பால் துலக்கிக்கொள்ளட்டும், இரவில் படுக்கும் முன் ஃபுளூரைடு உள்ள பற்பசையால் துலக்குவதை விடவேண்டாம். பல பற்களை அடைத்திருப்பவர்கள், ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்கள், சர்க்கரை நோயாலோ மாத்திரைகளாலோ வாய் உலர்ந்திருப்பவர்கள் இருவேளையும் பற்பசையையே பயன்படுத்த வேண்டும். பற்பசை நுரையால் அடிக்கடி வாய்ப்புண் வருகிறது என்பதுதான் உங்கள் சங்கடம் என்றால், சோடியம் லாரில் சல்பேட் சேர்க்காத, ஆனால் ஃபுளூரைடு உள்ள பற்பசைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. சோப்பு காய்ச்சுவதைவிட அது எளிய வழி.

நான் ஏற்கெனவே குளியல் சோப்பு செய்து பழகியவன். பல்லுக்கான சோப்பு செய்வதற்கு அளவும் முறையும் சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.
(கும்பகோணம் வாசகர்)

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா. சோப்புக்கு வேண்டிய காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வாயையும் உணவுக்குழாயையும் வெந்து போகச் செய்யும். ஆறிய தழும்பு உணவுக்குழாயைச் சுருக்கிவிட, அந்தப் பிள்ளை சோறு விழுங்கப் பல ஆண்டுகள் சிரமப்பட நேரும். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மீந்ததைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே, பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 85 கிராம், தண்ணீர் 190 கிராம். தண்ணீர், காய்ச்சி வடித்ததாக இருக்கவேண்டும். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 91 கிராம் காரம், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தேவைப்படும். 85 கிராம் மட்டும் சேர்ப்பதால் சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி நிற்கும், காரம் எஞ்சாது. வாயில் வைக்கும் பொருளுக்கு இந்த இடைவெளி கட்டாயம். எல்லாவற்றையும் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசில் நிறுக்கவேண்டும். கரண்டிக் கணக்கும் டம்ளர் கணக்கும் கூடாது. எண்ணெயை மாற்றினால் கார அளவும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். 500 கிராம் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 67 கிராம் காரமே போதும் என்பதால், தேங்காய் எண்ணெய்க்குரிய 85 கிராமை அதில் சேர்த்தால் 18 கிராம் காரம் சோப்புக்குள் அப்படியே தங்கி வாயைப் புண்ணாக்கும். வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்க விற்கும் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம் என்பதால் அதைத் தவிர்த்து, தூய்மை அளவு அச்சிடப்பட்ட சோடியம் ஹைட்ராக்சைடையே வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் நின்று, தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் கடுமையாகச் சூடேறும். அது ஆறியதும், மிதமான சூட்டிலுள்ள எண்ணெயில் மெல்ல ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை கிளறி, அச்சில் ஊற்றுங்கள். மறுநாள் துண்டு போட்டு, ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, குறைந்தது நான்கு வாரம் காயவிடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் கிளிசரின் இழுத்துச் சோப்பின் மேல் வியர்வை போலத் துளிர்க்கும் என்பதால், இந்த வேலைக்கு மாசிக்குப் பிந்திய வெயில் காலமே நல்லது. மணத்துக்காகக் கிராம்பு எண்ணெய் சேர்க்க விரும்பினால் ஓரிரு சொட்டோடு நிறுத்துங்கள். அளவு மீறினால் ஈறு வெந்துபோகும்.

காய்ந்த கட்டியைத் துருவி, மூடி போட்ட உலர்ந்த புட்டியில் வைத்து, ஒரு சிட்டிகையை ஈரமான பிரஷ்ஷில் ஒற்றி எடுத்துத் துலக்கலாம். ஒரே கட்டியில் வீட்டிலுள்ள அனைவரும் பிரஷ்ஷைத் தேய்ப்பது கூடாது. முதல் முறை மிகச் சிறிதளவை நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். சுரீரென்று குத்தினால் காரம் எஞ்சியிருக்கிறது என்று பொருள், அந்தத் தவணைச் சோப்பைப் பல்லுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வேலையின் நடுவே காரம் தோலில் பட்டால், எலுமிச்சையோ வினிகரோ தடவாமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மேலேறி வரும் காரம் அதே உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும். வாயைக் கழுவிவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

சோப்பில் உமிக்கரி கலந்தால் பல் வெண்மையாகும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் உமிக்கரியில்தான் பல் தேய்த்தார்கள்.
(திருவாரூர் அருகிலிருந்து ஒரு வாசகர்)

நெல் விளையும் ஊரில் உமிக்கரி எளிதில் கிடைத்ததால் அந்தப் பழக்கம் வேரூன்றியது. நெல் உமியில், மணலில் இருக்கும் கடினப் பொருளான சிலிக்கா மிகுதி. உமி கரியானாலும் சாம்பலானாலும் அந்தச் சிலிக்கா அழியாமல் இருக்கும். பற்பசையிலும் சிலிக்கா உண்டு. ஆனால் அது துகளின் அளவும் தேய்க்கும் வலிமையும் கட்டுப்படுத்தப்பட்டது. வீட்டில் இடித்துச் சலித்த கரியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கறை போவது உண்மைதான். அதோடு எனாமலும் தேய்ந்து போகிறது. ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெல்லியது என்பதால், விரலால் அழுத்தித் தேய்த்துப் பழகிய முதியவர்களின் பற்கள் அவ்விடத்தில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுவதை என் நாற்காலியில் அடிக்கடி பார்க்கிறேன். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. கரியைக் கலக்காதீர்கள், கறை உறுத்தலாக இருந்தால் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைச் சோப்பு நுரைப்பதே இல்லை. பல் சோப்பு பயன்படுமா?
(வேதாரண்யம் வாசகி)

உங்கள் கிணற்றுநீர் போன்ற உப்பான கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறத் திரட்டாக மாறிவிடும். வாயில் அது பிசுபிசுப்பாக ஒட்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மற்றச் சோப்புகளைவிட உப்புநீரில் நன்றாக நுரைக்கும். கடல்நீரில் பயன்படுத்துவதற்கென்றே அதைச் செய்வதும் உண்டு. இருந்தாலும் பல் துலக்குவதற்கு மட்டும் ஒரு செம்பு குடிநீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நான்கு வயது. பற்பசையை விழுங்கிவிடுகிறான். தர்மபுரிப் பக்கம் ஃபுளூரைடால் பல் பழுத்துப் போவதையும் எலும்பு வளைவதையும் செய்தியில் பார்த்துப் பயந்து, பல் சோப்புக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன், டாக்டர்.
(மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் துன்பம் தந்தது பற்பசையன்று. பாறை நிலத்தில் ஆழமாகத் தோண்டிய கிணறுகளிலிருந்து, ஃபுளூரைடு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்க நேர்ந்ததே அதற்குக் காரணம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நீங்கள் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதைச் சோதித்துக்கொள்ளலாம். சோதனை முடிவு கையில் இருந்தால் மனமும் அமைதியாகும்.

இந்தியாவில் பற்பசையில் ஃபுளூரைடு 1000 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதாவது ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். விளம்பரத்தில் காட்டுவது போல் பிரஷ் முழுவதும் நீளமாகப் பிதுக்காமல், மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் வைத்தால் போதும். அந்தப் பட்டாணி அளவில் இருப்பது கால் மில்லிகிராம் அளவு ஃபுளூரைடுதான். பசையை நீங்களே வையுங்கள், நீங்களே துலக்கிவிடுங்கள், துப்பக் கற்றுக்கொடுங்கள். டியூபை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்குப் பல் சோப்பு வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். பால்பல் விழுந்துவிடும்தானே என்று விட்டுவிட்டு, கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கவேண்டியவை. அவை சொத்தையாகி முன்கூட்டியே போனால், பின்னால் முளைக்கும் பற்களுக்கு இடம் குறைந்து வரிசை கோணலாகிவிடும்.

என் மாமியார் புகையிலை கலந்த பல்பொடியை விடமாட்டேன் என்கிறார். சோப்புக்கு மாற்றலாமா?
(நாகப்பட்டினம் வாசகி)

தாராளமாக மாற்றுங்கள். பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. பல நாள் பழகியவருக்கு நிகோடின் ஏக்கம் இருக்கும் என்பதால், கடிந்துகொள்ளாமல் படிப்படியாக நிறுத்தச் செய்யுங்கள். அதற்கு முன் அவர் வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, வாயை முழுவதும் திறக்க முடிகிறதா என்று ஒரு பல் மருத்துவரிடம் அவசியம் காட்டிவிடுங்கள்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் குளியல் சோப்பு செய்கிறோம். அதையே சிறு வில்லைகளாக்கி, பல் சோப்பு என்று விற்கலாமா?
(மயிலாடுதுறை வாசகி)

குளியல் சோப்பில் சேர்க்கும் வாசனைப் பொருளும் நிறமும் வாய்க்கானவை அல்ல. எனவே அதையே வெட்டி விற்பது கூடாது. பல் துலக்கும் பொருள்கள் சட்டப்படி அழகுசாதனப் பொருள்களில் சேரும். அவற்றை விற்பனைக்காகத் தயாரிக்க, அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெறவேண்டும். உரிமம் பெற்றுச் செய்தாலும், “பற்பசைக்கு மாற்று”, “சொத்தை வராது” என்று அட்டையில் அச்சிடாதீர்கள். இதில் ஃபுளூரைடு இல்லை என்பதையும், சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பதையும் வாங்குகிறவர் கண்ணில் படும்படி எழுதுங்கள்.