மார்த்தாண்டம் பக்கம் குடிவந்தால் ஊரோடு ஒட்டுவது எப்படி?

‘சென்னையிலிருந்து மார்த்தாண்டம் பக்கம் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இந்த மலையாளி ஊரில் ஒட்டவே முடியாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீடுகள் இருக்கும் அமைப்பைப் பாருங்கள். குமரி மாவட்டத்தின் கிழக்கே தோவாளை, பூதப்பாண்டி பக்கம் தெரு உண்டு. திண்ணையில் உட்கார்ந்தாலே நாலு பேர் விசாரிப்பார்கள். மார்த்தாண்டம் இருக்கும் இந்த விளவங்கோடு பக்கம் ஒவ்வொரு வீடும் தனி விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும். கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தால் வருஷம் ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் முகம் தெரியாது. ‘சென்னைக்காரங்க, எதுக்குத் தொந்தரவு’ என்று அவர்களும் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

காலையில் மீன் வண்டி ஹாரன் கேட்டதும் சட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் இங்கே திண்ணை. மத்தி என்று கேட்காதீர்கள், சாளை. நெத்திலி இங்கே நெத்தோலி. அரைக் கிலோ சாளை வாங்கி, புளிமுளம் என்கிற மீன்குழம்பு எப்படி வைப்பது என்று பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் கேளுங்கள். ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது விலை ஏறும். ‘சென்னையில் இதைவிடச் சல்லிசு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பேச்சு வண்டியோடு சேர்ந்து எல்லா வீட்டுக்கும் போய்விடும். ‘கொள்ளாமா’ (நல்லா இருக்கீங்களா) என்று யாராவது விசாரித்தால் நன்றாகப் பதில் சொல்லுங்கள், ஆனால் அந்த ராகத்தைப் பிடித்துப் பேசிக்காட்ட வேண்டாம். கிண்டல் என்றுதான் நினைப்பார்கள்.

சக்கை, அதாவது பலாப்பழ சீசனில் யாராவது பாதிச் சக்கையைக் கொண்டுவந்து வைப்பார்கள். காசை நீட்டினால் கதை முடிந்தது. வாங்கிக்கொள்ளுங்கள், கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் பிசின் லேசில் போகாது. அவர்கள் பாத்திரம் உங்களிடம் இருந்தால் வெறுமனே திருப்பக் கூடாது. அன்றைக்கே திருப்பினாலும் கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடும். நாலு நாள் கழித்து உங்கள் கையால் போட்ட ஊறுகாய் வைத்துக் கொடுங்கள்.

வீட்டில் தென்னை இருந்தால் தேங்காய் வெட்டு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வரும். அடுத்த வீட்டுக்கு வருகிறவரையே அனுப்பச் சொல்லுங்கள், மரத்துக்கு என்ன கூலி என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். தாராள மனசில் கூட்டிக் கொடுத்தால் அடுத்த வெட்டுக்கு அவர்களுக்கும் அதுதான் ரேட். அந்தக் கோபத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

‘எந்தச் சபை, எந்தக் கோயில்?’ என்று கேட்பார்கள். சிலர் சாதியைத் துருவத்தான் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக ஊரையே திட்டுவேன் என்றால் உங்கள் இஷ்டம்.

அப்புறம் அந்த ‘மலையாளி ஊர்’. குமரி மாவட்டமாக ஆன இந்த நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சும்மா வந்து சேரவில்லை. நீங்கள் குடியிருக்கும் அதே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பதற்காக. இன்றைக்கும் எங்கே போனாலும் எங்களைப் பார்த்து ‘நீங்க மலையாளமா?’ என்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அந்த வார்த்தையை இங்கே வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

சாவு வீட்டுக்கு அழைப்பு வராது, நீங்களாகப் போக வேண்டும். முன்பின் பழகாத வீடாக இருந்தாலும் பரவாயில்லை. கேள்விகள் வேண்டாம். நாற்காலி இறக்குகிறார்கள் என்றால் ஒரு கை பிடியுங்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு அழைத்தால் முகூர்த்தத்துக்கு மட்டும் போய்ச் சாப்பிட்டுத் திரும்பாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் காய்கறி வெட்டுக்கு உங்கள் கத்தியோடு போங்கள். அவியலுக்குக் காய் எல்லாம் ஒரே நீளம், விரல் நீளம். பொடியாக நறுக்கினால் வெந்து குழைந்துவிடும். தெரியாது என்று சொன்னால் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். பணம் வைக்கிற கவரில் பெயரோடு யார் வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் பெயரை நோட்டில் பார்த்தால் ஆள் தெரியாது, உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய அவர்களுக்கு வழியிருக்காது.