சிகிச்சைக்கு முன் தினமும் ஸ்கான் எடுப்பது ஏன்?

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சைக்கு முன் தினமும் ஒரு ஸ்கான் எடுக்கிறார்கள். இத்தனை ஸ்கான் கூடாது, சென்னையில் ஒரே பெட் (PET) ஸ்கானில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார் ஒருவர். காணியை ஈடு வைத்துக் கூட்டிப் போகலாமா?
— ஒரு மகள், புதுக்குடியிருப்பு

பதில்: காணியில் கை வைக்காதீர்கள். அந்த ஸ்கான் நோய் குறைந்ததா என்று பார்ப்பதற்கல்ல. அப்பா படுத்திருக்கும் விதம், திட்டம் போட எடுத்த சீ.ரீ. படத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கத்தான். ஒத்துவராவிட்டால் கட்டிலைச் சில மில்லிமீற்றர் நகர்த்திய பிறகே கதிரைக் கொடுப்பார்கள். முள்ளந்தண்டு வடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. இந்தச் சிகிச்சையில் வழக்கமாக 7 கிழமையில், 35 தடவையாக, 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுப்போம். எல்லா நாள் ஸ்கானின் கதிரையும் கூட்டினாலும் பெரும்பாலும் 1 கிரேயைக்கூட எட்டாது. பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. மூன்றாம், நான்காம் கிழமையில் வாய் புண்ணாகி, சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றும், கட்டியும் சுருங்கும். அப்போது தலையை அசையாமல் பிடிக்கும் வலைக் கவசம் லூஸாகிவிடும். கழுத்தின் வடிவமே மாறிவிட்டால், கட்டிலை எவ்வளவு நகர்த்தினாலும் பழைய திட்டம் பொருந்தாது. புதுக் கவசம் செய்து, மறுபடி சீ.ரீ. எடுத்து, திட்டத்தைத் திருத்த வேண்டிவரும். எல்லாருக்கும் இது வராது. ஆனால் கவசம் ஆடுகிறது என்றால் அன்றே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் டொக்டருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். நீங்கள் சொல்லுங்கள். சாப்பாடு கொடுக்க மூக்குக் குழாய் போடச் சொன்னால் அப்பாவை மறுக்க விடாதீர்கள்.

சரி, அந்தத் தரகருக்கு வருவோம். தரகர்தான், ஆள் பிடித்துக் கொடுத்தால் இவர்களுக்குக் கமிஷன் உண்டு. சிகிச்சை நடக்கும்போது பெட் ஸ்கான் எடுத்தால் புண்ணும் வீக்கமும்கூட நோய் மாதிரித் தெரியும். முடிந்து ஏறத்தாழ 12 கிழமை போன பிறகுதான் அதை நம்பலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, விசா, டிக்கெட் என்று அலையும் நாட்களில் சிகிச்சை நின்றுபோவது. அந்த இடைவெளியில் கட்டி மறுபடி வளரத் தொடங்கும்.

வன்னி ஆட்கள் கதிர்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏழு கிழமை எங்கே தங்குவது, கூட நிற்பவரின் நாட்கூலிக்கு என்ன வழி என்று கேட்க ஒருவரும் இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! தரகர்கள் நுழைவது அந்த ஓட்டையால்தான்.

நாளைக்கே அப்பாவின் எடையைப் பார்த்து, முதல் நாள் எடையோடு எழுதிக்கொண்டு போய், கவசம் இன்னும் பொருந்துகிறதா என்று கேளுங்கள்.